அப்பாவின் நுரையீரலில் தெரியும் கட்டிகள் எங்கிருந்து வந்தவை?

வாசகி ஒருவரின் கடிதம், சுருக்கமாக: "என் அப்பாவுக்கு 69 வயது. இரண்டு மாதமாக விடாத வறட்டு இருமல். எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் புள்ளி புள்ளியாக ஏதோ தெரிகிறது என்றார்கள். சி.டி. ஸ்கேனில் ஏழெட்டுக் கட்டிகள். பெரியது 2 சென்டிமீட்டர். அப்பா 15 வருடம் முன்பு வரை சிகரெட் பிடித்தவர் என்பதால், நுரையீரல் புற்றுநோய், நாலாவது ஸ்டேஜ் என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். ஆனால் புற்றுநோய் டாக்டர், 'ராத்திரி எத்தனை தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறீர்கள்?' என்று அப்பாவைக் கேட்டுவிட்டு பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார். 186 வந்திருக்கிறது. எலும்பு ஸ்கேனில் ஒன்றும் இல்லை. இப்போது புராஸ்டேட்டில் ஊசியால் துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி, ஒரு பெட் ஸ்கேன், முடிந்தால் நுரையீரலிலும் ஒரு பயாப்ஸி என்கிறார். ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்று அண்ணன் தடுக்கிறார். கட்டிகளை ஆபரேஷன் செய்து எடுத்துவிட முடியாதா? அப்பா எவ்வளவு நாள் இருப்பார்? அவரிடம் இதைச் சொல்லலாமா? இதுவரை சளிக்கட்டு என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம்."

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு நிம்மதி தந்த வரி ஒன்று உண்டு. இருமலோடு வந்தவரிடம் ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள் என்று அந்த டாக்டர் கேட்டாரே, அந்த வரிதான். அந்த ஒரு கேள்வியால் அப்பாவின் சிகிச்சை முழுக்கவே வேறு பாதையில் போகலாம். அவரை நம்பி நடங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புற்றுநோய் எந்த உறுப்பில் பிறந்ததோ அந்த உறுப்பின் பெயரில்தான் அதை அழைக்கிறோம், அதற்கேற்றபடிதான் மருந்தும் கொடுக்கிறோம். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க்குழாயைச் சுற்றி இருக்கும் சுரப்பிதான் புராஸ்டேட். அங்கே பிறந்த செல் ரத்தத்தில் ஏறி நுரையீரலில் போய்த் தங்கிவிட்டாலும் அதன் சுபாவம் மாறுவதில்லை. அங்கே உட்கார்ந்துகொண்டும் அது பி.எஸ்.ஏ. என்ற புரதத்தைச் சுரக்கும். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை நம்பித்தான் வளரும். அந்த ஹார்மோனை நிறுத்தினால் வாடும். நுரையீரலிலேயே பிறந்த புற்றுநோய்க்கு அந்த ஹார்மோனை நிறுத்தும் ஊசியால் ஒரு பயனும் கிடையாது. அதன் கீமோ வேறு, அதற்கான மரபணுப் பரிசோதனைகள் வேறு. ஆகவே அப்பாவுக்கு இன்றைய தேதியில் அவசரமாகத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இந்தக் கட்டிகள் எங்கே பிறந்தவை?

நான் பயிற்சி டாக்டராக இருந்த காலத்தில் பார்த்த ஒருவர் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. எழுபதைத் தாண்டியவர். வேறொரு இடத்தில் நுரையீரல் புற்றுநோய் என்று மூன்று சுற்று கீமோ கொடுத்திருந்தார்கள். கட்டிகள் அசையவே இல்லை. சிறுநீர் அடைத்துக்கொண்டு எங்கள் வார்டுக்கு வந்தார். குழாய் போட்டு முடித்ததும் என் ஆசிரியர் ஆசனவாய் வழியாக விரல் வைத்துப் புராஸ்டேட்டைத் தொட்டுப் பார்த்தார். "நீயும் பார்" என்றார். கூழாங்கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது. பழைய பயாப்ஸித் துண்டை மெழுகில் பதித்து வைத்திருந்ததை வரவழைத்து வேறு சாயங்கள் போட்டுப் பார்த்ததில், அது புராஸ்டேட்டின் செல். ஹார்மோன் சிகிச்சை தொடங்கி நாலு மாதம் கழித்து, பழைய எக்ஸ்ரேயையும் புதிய எக்ஸ்ரேயையும் விளக்குப் பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டினோம். முதல் படத்தில் உருண்டை உருண்டையாக ஒன்பது வெள்ளை நிழல்கள். இரண்டாவதில் தேடித்தான் இரண்டைக் கண்டுபிடிக்க முடிந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் படத்தின் அருகே வந்து நின்று வெகுநேரம் பார்த்தார். அந்த மூன்று சுற்று கீமோ அவர் உடம்புக்குத் தேவையே இல்லாத பாரம் என்பதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

புராஸ்டேட்டிலிருந்து நுரையீரலுக்கு எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தோன்றலாம். புராஸ்டேட் புற்றுநோய் பரவினால் எலும்புக்கு என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த கதை. முதுகெலும்பைச் சுற்றி வால்வே இல்லாத ஒரு சிரைப் பின்னல் இருக்கிறது. ஆஸ்கர் பேட்சன் என்ற உடற்கூறியல் அறிஞர் 1940-ல் அதை விவரித்தார். இடுப்பிலிருந்து செல்கள் முதுகெலும்புக்கு ஏற அது ஒரு குறுக்கு வழி. ஆனால் இடுப்பிலிருந்து கிளம்பும் ரத்தத்தின் பெரும்பகுதி வயிற்றின் பெருஞ்சிரை வழியாக இதயத்தின் வலப்பக்கம் போய், அங்கிருந்து நேராக நுரையீரலுக்குத்தானே வருகிறது? அங்கே சல்லடை போல மெல்லிய நாளங்கள். சில செல்கள் அதில் சிக்கி முளைத்துவிடும். 2000-ல் வெளியான ஒரு பெரிய பிரேதப் பரிசோதனை ஆய்வில், புராஸ்டேட் புற்றுநோய் ரத்தம் வழியாகப் பரவியிருந்த ஆண்களில் 90 சதவீதம் பேருக்கு எலும்பிலும் 46 சதவீதம் பேருக்கு நுரையீரலிலும் கட்டிகள் இருந்தன. அதாவது நுரையீரலுக்குப் போவது அபூர்வம் இல்லை. பெரும்பாலும் இருமலோ இளைப்போ இல்லாமல் சத்தமின்றி இருப்பதால் வாழும் காலத்தில் கண்ணில் படுவது குறைவு, அவ்வளவுதான். எலும்பைத் தொடாமல் நுரையீரலில் மட்டும் இருப்பதுதான் அபூர்வம். உங்கள் அப்பா விஷயத்தில் என்னை யோசிக்க வைப்பதும் அதுதான்.

சரி, இப்போது கையில் இருக்கிற தடயங்களைப் பார்ப்போம். பி.எஸ்.ஏ. 4-க்குள் இருந்தால் இயல்பு என்று பொதுவாகச் சொல்வார்கள். புராஸ்டேட் வீங்கினாலும், கிருமி தொற்றினாலும், சிறுநீர் அடைத்தாலும்கூட அது ஏறும். ஆனால் 186 என்பது வெறும் வீக்கத்தில் வருகிற எண் இல்லை. புராஸ்டேட்டில் புற்றுநோய் இருக்க மிகப் பெரிய வாய்ப்பு இருக்கிறது. இரண்டு பக்கமும் பல கட்டிகள் என்பதும் வேறு எங்கிருந்தோ வந்து விதைத்த கட்டிகளின் சாயல்தான். மறுபக்கம், எலும்பு சுத்தமாக இருக்கிறது. அப்பா பல வருடம் புகைத்தவர். ஒரே மனிதருக்குப் புராஸ்டேட்டில் ஒரு புற்றுநோயும் நுரையீரலில் தனியாக இன்னொன்றும் இருக்கலாம். இந்த வயதில் அப்படிப் பார்த்திருக்கிறோம். காசநோயும் பூஞ்சைத் தொற்றும்கூட நுரையீரலில் இப்படி உருண்டைகளாகத் தெரியக்கூடும். 186 என்ற எண் புராஸ்டேட்டைப் பற்றிச் சொல்கிறது. நுரையீரலில் இருப்பது என்ன என்று அது ஊகிக்கத்தான் வைக்கும், நிரூபிக்காது.

புராஸ்டேட் பயாப்ஸியில் மெல்லிய ஊசியால் பத்துப் பன்னிரண்டு இடங்களில் நூல் போன்ற துண்டுகள் எடுப்பார்கள். அதில் புற்றுநோய் உறுதியானால், செல்கள் எவ்வளவு முரட்டுத்தனமானவை என்பதை கிளீசன் மதிப்பெண் சொல்லும்: 6 என்றால் சாது, 9, 10 என்றால் வேகம். அடுத்தது டாக்டர் சொல்கிற பெட் ஸ்கேன். அது பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேனாக இருக்கும் என்று நினைக்கிறேன். கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். புராஸ்டேட் புற்றுசெல்களின் மேல் அதிகமாக இருக்கும் பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதத்தில் போய் ஒட்டிக்கொள்கிற மருந்தைக் கதிரியக்கப் பொருளோடு சேர்த்து ஊசியாகப் போடுவார்கள். அந்த செல்கள் எங்கெங்கே இருக்கின்றனவோ அங்கெல்லாம் படம் ஒளிரும். நுரையீரல் கட்டிகள் எல்லாம் பளிச்சென்று ஒளிர்ந்தால் நம் ஊகம் பலப்படும். ஆனாலும் நுரையீரல் புற்றுநோயும் காசநோயும் சில நேரம் அதே ஸ்கேனில் ஒளிரும். மிகவும் முரட்டு வகைப் புராஸ்டேட் செல்கள் ஒளிராமலும் போகும்.

அதனால்தான், உங்கள் அப்பாவுக்கு நுரையீரலிலும் ஒரு பயாப்ஸி எடுப்பது நல்லது என்பது என் கருத்து. எல்லா நோயாளிக்கும் இப்படிச் சொல்லமாட்டேன். எலும்பிலும் பரவி, புகைபிடித்த வரலாறும் இல்லாமல், பெட் ஸ்கேனில் எல்லாம் ஒன்றுபோல் ஒளிர்ந்தால், நுரையீரலைத் தொடாமலேயே சிகிச்சையைத் தொடங்கி, பி.எஸ்.ஏ. இறங்கும்போது கட்டிகளும் சேர்ந்து சுருங்குகின்றனவா என்று பார்ப்பது நியாயமான வழிதான். ஆனால் அப்பாவிடம் சந்தேகத்துக்கு இரண்டு காரணங்கள் இருக்கின்றன. எடுத்த துண்டில் நோய்க்குறியியல் நிபுணர் சாயங்கள் போட்டுப் பார்ப்பார். பி.எஸ்.ஏ.வுக்கும் என்.கே.எக்ஸ். 3.1 என்ற புரதத்துக்கும் சாயம் ஏறினால் புராஸ்டேட். டி.டி.எஃப். 1, நாப்சின் ஆகியவற்றுக்கு ஏறினால் பெரும்பாலும் நுரையீரல். துண்டை அனுப்பும் படிவத்தில் "பி.எஸ்.ஏ. 186" என்று டாக்டர் எழுதுகிறாரா என்று பாருங்கள். அந்த ஒரு வரி இருந்தால்தான் சாயம் போடுகிறவருக்கு எதைத் தேடுவது என்று தெரியும்.

அண்ணனின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்பா மேல் இருக்கிற அன்பில்தான் அவர் தடுக்கிறார். அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: ஊசி போன தடத்தில் செல்கள் முளைப்பது மிக மிக அபூர்வம். அப்பாவுக்கு நோய் ஏற்கெனவே ரத்தத்தில் பயணம் செய்துவிட்டதாகத்தான் தெரிகிறது. ஊசி அதைப் புதிதாகப் பரப்பப் போவதில்லை. நிஜமாகவே கவனிக்க வேண்டிய ஆபத்துகள் வேறு. நுரையீரல் பயாப்ஸியில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நுரையீரலைச் சுற்றிக் கொஞ்சம் காற்று கசியும். பெரும்பாலும் தானாக அடங்கிவிடும், சிலருக்கு மட்டும் ஒரு குழாய் போட்டு எடுக்க வேண்டியிருக்கும். இருமும்போது கொஞ்சம் ரத்தம் வரலாம். புராஸ்டேட் பயாப்ஸிக்குப் பிறகு சில நாள் சிறுநீரில் ரத்தம் தெரியும். குளிர்காய்ச்சல் வந்தால் மட்டும் உடனே போக வேண்டும். ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறார் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கட்டிகளை ஆபரேஷன் செய்து எடுப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஏழெட்டுக் கட்டிகள் கண்ணுக்குத் தெரிகின்றன என்றால் தெரியாத அளவில் இன்னும் பல இருக்கும். கத்தியால் அத்தனையையும் துரத்த முடியாது. ஒன்றிரண்டு கட்டி மட்டுமே உள்ள சிலருக்கு அறுவைச் சிகிச்சையோ குறிபார்த்துக் கொடுக்கும் கதிர்வீச்சோ யோசிப்பதுண்டு. அப்பாவுக்கு உடம்பு முழுக்கப் போகிற மருந்துதான் வேண்டும்.

புராஸ்டேட் என்று உறுதியானால் முதல் மருந்து டெஸ்டோஸ்டிரோனை அடக்குவது. 1941-ல் சார்லஸ் ஹக்கின்ஸும் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும் இதைக் காட்டினார்கள். ஹக்கின்ஸுக்கு 1966-ல் நோபல் பரிசு கிடைத்தது. இத்தனை வருடம் கழித்தும் சிகிச்சைக்கு அதுதான் அஸ்திவாரம். மாதம் ஒன்றோ மூன்று மாதத்துக்கு ஒன்றோ லூப்ரோலைடு, கோசெரெலின் போன்ற ஊசி போடலாம். அல்லது விரைகளை அகற்றும் சின்ன ஆபரேஷன் ஒரே தடவையில் அதே பலனைத் தரும். ஊசிக்காக அலைய முடியாதவர்களுக்கு அது நல்ல வழி. வெட்கப்பட ஒன்றும் இல்லை. இந்த ஊசிகளில் ஒரு நுணுக்கம் உண்டு. முதல் ஓரிரு வாரம் டெஸ்டோஸ்டிரோன் குறைவதற்குப் பதில் ஏறும். அந்த நாட்களில் கட்டி தூண்டப்படாமல் இருக்க பைகாலுட்டமைடு மாத்திரையைத் துணைக்குக் கொடுப்பார்கள். டெகரெலிக்ஸ் என்ற ஊசியில் அந்த ஏற்றம் கிடையாது.

ஆனால் இன்று அந்த ஊசியை மட்டும் போட்டு அனுப்பினால் அது அரைகுறைச் சிகிச்சை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அபிராடிரோன், என்சாலுட்டமைடு, அபாலுட்டமைடு, டாரோலுட்டமைடு ஆகிய மாத்திரைகளில் ஒன்றை ஆரம்பத்திலிருந்தே சேர்த்தால் நோயாளிகள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்று பெரிய ஆய்வுகள் தெளிவாகக் காட்டிவிட்டன. நுரையீரல் போன்ற உள்ளுறுப்புக்குப் பரவியிருந்தால் அதை 'அதிக நோய்ச்சுமை' என்ற வகையில் சேர்ப்போம். உடம்பு தாங்கும் என்றால் டோசிடாக்சல் என்ற கீமோவையும் மூன்று வாரத்துக்கு ஒருமுறையாக ஆறு சுற்று சேர்ப்பதுண்டு. ஊசி, மாத்திரை, கீமோ மூன்றும் சேர்ந்தால் ஊசியும் கீமோவும் மட்டும் கொடுப்பதைவிட ஆயுள் நீள்கிறது என்று 2022-ல் வெளியான இரண்டு ஆய்வுகள் காட்டின. அப்பாவுக்கு மூன்றும் வேண்டுமா இரண்டு போதுமா என்பதை அவர் இதயம், சிறுநீரகம், சர்க்கரை, நடமாட்டம் எல்லாம் பார்த்து அவருடைய டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: "ஊசியோடு வேறு எதைச் சேர்க்கப் போகிறீர்கள்? சேர்க்கவில்லை என்றால் ஏன்?"

அபிராடிரோன் கொடுத்தால், அதை வெறும் வயிற்றில்தான் போட வேண்டும்; அதற்கு இரண்டு மணி நேரம் முன்பும் ஒரு மணி நேரம் பின்பும் சாப்பாடு கூடாது. சாப்பாட்டோடு போட்டால் மருந்து பல மடங்கு அதிகமாக ரத்தத்தில் ஏறிவிடும். அதோடு தரும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. ரத்த அழுத்தம், பொட்டாசியம், கல்லீரல் மூன்றையும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். என்சாலுட்டமைடில் அசதியும் தடுமாறி விழுவதும் வரலாம். முன்பு வலிப்பு வந்திருந்தால் சொல்ல வேண்டும். கீமோ நாட்களில் 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஹார்மோன் நின்றுபோவதால் வருகிற மாற்றங்களும் உண்டு. திடீர் திடீரென்று உடம்பு சுட்டு வியர்க்கும். தசை குறையும், எலும்பு மெலியும், தாம்பத்திய ஆசை போய்விடும், சிலருக்கு மனம் சோர்ந்துவிடும். தினமும் நடப்பதும், கொஞ்சம் எடை தூக்கும் பயிற்சியும் இதில் மருந்துக்குச் சமமாக உதவுகின்றன. எலும்புக்கான ஊசி போடச் சொன்னால் அதற்கு முன் பல் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். பிடுங்க வேண்டிய பல்லை முதலிலேயே பிடுங்கிவிடுவது தாடையெலும்புக்குப் பாதுகாப்பு.

அப்பா எவ்வளவு நாள் இருப்பார் என்ற கேள்வியை எழுதும்போது உங்கள் கை நடுங்கியிருக்கும். இதை முழுக்கக் குணப்படுத்த முடியும் என்று நான் சொன்னால் அது பொய். அடக்கி வைக்க முடியும், பல நேரம் வருடக்கணக்கில். 2015-ல் வெளியான சார்டெட் என்ற ஆய்வில், நோய்ச்சுமை அதிகமாக இருந்தவர்களில் ஊசி மட்டும் போட்டவர்களில் பாதிப் பேர் 32 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தார்கள். கீமோவும் சேர்த்தவர்களில் பாதிப் பேர் 49 மாதங்களுக்கு மேல். மாத்திரைகளைத் தொடக்கத்திலேயே சேர்க்கும் பழக்கம் வருவதற்கு முந்தைய கணக்கு இது. நுரையீரலுக்குப் பரவுவது எலும்போடு நிற்பதைவிடக் கொஞ்சம் கடினம்தான்; ஆனால் கல்லீரலுக்குப் பரவுவதைப் போல அவ்வளவு மோசம் இல்லை. அப்பா எந்தப் பக்கம் போகிறார் என்பதை முதல் ஆறேழு மாதமே ஓரளவு சொல்லிவிடும். அதற்குள் பி.எஸ்.ஏ. 0.2-க்குக் கீழே இறங்கினால் அது நல்ல சகுனம். பி.எஸ்.ஏ.வை மட்டும் நம்பி ஸ்கேனை விட்டுவிடாதீர்கள். சிலருக்கு எண் இறங்கிக்கொண்டே இருக்க நுரையீரல் கட்டி மட்டும் வளரும். அப்போது செல் குணம் மாறிவிட்டதா, அல்லது அந்தக் கட்டி வேறு நோயா என்று மறுபடி பயாப்ஸி எடுத்துப் பார்க்க வேண்டும். முதல் மருந்துகள் தோற்றாலும் அடுத்து கபாசிடாக்சல் என்ற கீமோ இருக்கிறது. பி.எஸ்.எம்.ஏ.வைத் தேடிப் போய்க் கதிர்வீச்சு கொடுக்கும் லுட்டீசியம் 177 இருக்கிறது.

மரபணுப் பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள். பரவிய புராஸ்டேட் புற்றுநோய் உள்ள ஆண்களில் எட்டில் ஒன்பதில் ஒருவருக்குப் பிறவியிலேயே வந்த மரபணுக் கோளாறு இருக்கும். அதில் முக்கியமானது பி.ஆர்.சி.ஏ. 2. அது இருந்தால் அப்பாவுக்கு ஒலாபரிப் வகை மாத்திரைகள் பின்னால் உதவும். அப்புறம், அது உங்களுக்கும் அண்ணனுக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. பெண்ணான உங்களுக்கு அது மார்பக, சினைப்பைப் புற்றுநோய் பற்றிய விஷயம். அப்பாவுக்காக எடுக்கிற ரத்தம் உங்களையும் காப்பாற்றக்கூடும்.

இதற்கிடையில் சில அறிகுறிகளுக்கு நாள் குறிக்காமல் ஓடுங்கள்: கால்கள் வலுவிழப்பது, புதிதாகக் கடும் முதுகுவலி, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இழப்பது. எலும்பு ஸ்கேன் இன்று சுத்தமாக இருந்தாலும் இது பொருந்தும். தண்டுவடம் நசுங்கினால் மணிக்கணக்குதான் அவகாசம். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒரு கால் மட்டும் வீங்குவது ஆகியவை நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்ததன் அடையாளமாக இருக்கலாம். மெல்ல மெல்ல இளைப்பு கூடினால் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கலாம். ஊசி வழியாக அதை எடுத்துவிட்டால் அன்றைக்கே மூச்சு லேசாகிவிடும். இளைக்கும்போது கையில் பிடிக்கும் சின்ன மின்விசிறியை மூக்கு, கன்னம் பக்கம் காட்டிப் பாருங்கள். எளிய விஷயம், ஆனால் மூச்சுத்திணறும் உணர்வு குறைவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

அப்பாவிடம் சொல்லலாமா? சொல்ல வேண்டும். சளிக்கட்டுக்கு யாரும் புராஸ்டேட்டில் ஊசி குத்தமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியாதா? ஊசி போட்டு உடம்பு சுட்டு வியர்க்கும்போது, ஆசை போகும்போது, தனக்கு என்ன நடக்கிறது என்று தெரியாமல் அவர் தனியாகப் பயந்துகொண்டிருப்பார். மறைக்கிறோம் என்று நீங்கள் நினைக்கிற வீட்டில், தெரியாதது போல் அவர் நடித்துக்கொண்டிருப்பார். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். "டாக்டர் சொன்னதில் உங்களுக்கு என்னப்பா புரிஞ்சுது?" என்று கேளுங்கள். அவர் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பது அந்தப் பதிலிலேயே இருக்கும், அங்கிருந்து தொடங்குங்கள்.

அடுத்த முறை போகும்போது சி.டி. ஸ்கேனின் குறுந்தகடு, பி.எஸ்.ஏ. அறிக்கை, அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், மூன்றையும் ஒரே பையில் எடுத்துப் போங்கள். கேள்விகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். டாக்டருக்கு எதிரே இருக்கும் நாற்காலியில் நீங்களோ அண்ணனோ உட்காராதீர்கள். அப்பா உட்காரட்டும்.